நடுவரிசைப் பெட்டிகள்

அத்தியாயம் 4

அந்தப் பெண் விழுந்தபோது தொழிற்சாலையில் இருந்தவர்கள்:

தினகரன். ஸ்டன்ட் மாஸ்டர். சென்னை. எல்லாவற்றுக்கும் அவசரம்.

சுரேந்திரன். குதிப்பவர்களுக்குக் கீழே அட்டைப்பெட்டி அடுக்குபவர். சொந்த ஊர் சேரம்பாடி. பழி இவர்மேல்.

பிரியா. இரண்டாவது டூப். முதல் டூப் படுத்துவிட்டால் வேலை இவளுக்கு.

ராக்கம்மா. காவல். சாவி இவளிடம்.

“அவ்வளவுதானா?” என்றார் மாரப்பன்.

“கொரங்கு ஒரு கூட்டம் இருந்துச்சாமுங்க. பேரு கேட்டேன், சொல்லல,” என்றாள் சாந்தாமணி. வாசித்து முடித்த கைபேசியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாரப்பன் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவருக்கு எதுவும் கைகூடவில்லை. குன்னூரிலிருந்து வரும்போது வேன் ஏற்றத்தில் இரண்டு முறை நின்றது. அரவேணுவில் பனி இறங்கி, கைக்கெட்டும் தூரத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. ஒரு டீ கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் டீ இல்லை என்றார்கள்.

குன்னூரில், தேயிலை ஏல அலுவலகங்கள் இருக்கும் தெருவில், ஒரு மாடி அறையில் அவருடைய துப்பறியும் அலுவலகம் இருந்தது. காணாமல் போன தேயிலை மூட்டை, காணாமல் போன புருஷன், இரண்டுக்கும் ஒரே கட்டணம். சாந்தாமணி அவருக்கு வேன் ஓட்டுவாள், கடிதம் அடிப்பாள், எதிர்த்துப் பேசுவாள். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்.

வழக்கு சிறியது. மூடிக்கிடந்த அந்தத் தொழிற்சாலையை ஒரு சினிமா கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. கதைப்படி கதாநாயகியை மாடி ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். கதாநாயகி விழமாட்டாள். அவளுக்குப் பதிலாக முதல் டூப் ராஜப்ரியா விழுவாள். கீழே மூன்று வரிசை காலி அட்டைப்பெட்டிகள், மேலே மெத்தை. விழுகிற உடம்பின் கீழே பெட்டிகள் ஒவ்வொன்றாக நசுங்கி வேகத்தைக் குறைக்கும். இந்தத் தொழிலில் பாதிப் பேருடைய எலும்பு அந்த அட்டையை நம்பித்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. ராஜப்ரியா குதித்தாள். பெட்டிகள் ஈரமாக இருந்தன. தாங்கவில்லை. கணுக்கால் உடைந்தது.

இன்று சாயங்காலம் ஸ்டன்ட் யூனியன் செயலாளர் வருகிறார். பெட்டிக்காரன் கவனக்குறைவு என்று தினகரன் சொல்லிவிட்டால் சுரேந்திரனின் யூனியன் கார்டு ரத்து. கார்டு இல்லாதவனை எந்தப் படப்பிடிப்பிலும் உள்ளே விடமாட்டார்கள். ஐம்பது தாண்டிய ஆள். திரும்பிப் போனால் சேரம்பாடியில் தினக்கூலி.

மாரப்பனை அழைத்தது அடிபட்டவளே.

அவள் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த பழைய கிளார்க் வீட்டில், மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும். கோயமுத்தூர்க்காரி. முதுகு நாற்காலியில் சாயவே இல்லை.

“ஏனுங்க சார், பனிதான் காரணம்னு எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க,” என்றாள். “சுரேந்திரண்ணனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.”

“பனின்னு நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்குங்க?”

“நாஞ் சொன்னா பாவம் பாத்துச் சொல்றேன்னுவாங்க. நீங்க வெளியாளு. ராத்திரி பூரா பனி பேஞ்சுது, பெட்டி நனைஞ்சுது. இதுல கண்டுபிடிக்க என்னங்க இருக்குது?”

“இதுக்கு முன்னால என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

அவள் சொன்னாள். பள்ளியில் படிக்கும்போதே ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ். ரிப்பன், வளையம், பந்து. ரிப்பனில் தேசிய அளவில் வெள்ளி. இருபத்திரண்டு வயதில் வயதாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புக் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தாள். டிவி நடன நிகழ்ச்சியில் கடைசி வரிசையில் ஆடினாள். பிறகு சினிமாவில் விழும் வேலை. அவள் வந்தபோது கதாநாயகிகளுக்குப் பதிலாக விக் வைத்த ஆண்கள்தான் விழுந்துகொண்டிருந்தார்கள். பொம்பளைக்கு எதற்குக் கார்டு என்று யூனியனில் கேட்டார்கள். அலைந்தாள், சண்டை போட்டாள், வாங்கினாள். இதில் எதையும் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“அடுத்த வேலை?”

“பாறை. மலை உச்சியிலருந்து வயர்ல கட்டித் தலைகீழா உழோணும். இனிமே எனக்கில்ல. பிரியா பண்ணுவா.”

வெளியே வந்ததும் சாந்தாமணி சொன்னாள்: “பனின்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க போலாமுங்க. பனி வந்து நம்மகிட்டச் சண்டை போடாது.”

“பாக்காம எழுத மாட்டேன்.”

“தெரியுமுங்க. சும்மா சொல்லிப் பாத்தேன்.”

ராக்கம்மா தொழிற்சாலைக் கதவைத் திறந்தாள். அவர்களும் சுரேந்திரனும் உள்ளே போனதும் வெளியிலிருந்து சாத்தினாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, நாங்க உள்ள இருக்கறோம்,” என்று மாரப்பன் கத்தினார்.

“தொறந்து வெச்சா கொரங்கு வந்துருமுங்க,” என்றது வெளியிலிருந்து குரல். “தட்டுனீங்கன்னா தொறப்பேன்.”

“நம்மளப் பூட்டி வெச்சுக் கொரங்கத் தொறந்து உட்ருக்குது,” என்றாள் சாந்தாமணி.

உட்பக்கம் பார்த்த மாடி ஜன்னலுக்குக் கீழே, கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகப் பனி இறங்கும் இடத்தில், பெட்டிகள் அவள் விழுந்த அன்று இருந்தபடியே இருந்தன. ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர். மற்ற மூன்று பக்கமும் தார்ப்பாய் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் ஆள் விழுந்த குழி.

“யாரையும் தொட விடலைங்கய்யா,” என்றார் சுரேந்திரன். ஒல்லியான மனிதர். தலையில் குல்லாய். “காலைல நானே அடுக்கினேன். மெத்த மேல ஏறி உருண்டு பாத்தேன். நல்லாத்தான் இருந்திச்சி. தின்னுட்டு வந்து மேவரிசையக் கையால அமுக்கிப் பாத்தேன். முடிச்சு எல்லாம் நான் போட்ட மாதிரியேதான் இருந்திச்சி. இந்தா, இப்பவும் இருக்கு.”

“முடிச்சு உங்களதுதான்னு எப்படித் தெரியும்?”

“என் கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா?”

மாரப்பன் குழிக்குள் குனிந்தார். மேல்வரிசைப் பெட்டிகள் நசுங்கியிருந்தன, ஆனால் அட்டை விறைப்பாக இருந்தது. விரலால் சுண்டினால் டொக்கென்றது. அவற்றை விலக்கினார். இரண்டாம் வரிசை கூழ். அட்டை பிரிந்து, கறை பிடித்து, கையோடு வந்தது. அதையும் அள்ளிப் போட்டுவிட்டு மூன்றாம் வரிசையைச் சுண்டினார். டொக்.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று சரியாக நடந்த களை இருந்தது.

“சாந்தாமணி, பனி எங்கிருந்து நனைக்கும்?”

“மேல இருந்துங்க. என்ற தலையப் பாத்தாலே தெரியுது.”

“தரை ஈரம்?”

“கீழ இருந்து.”

“ரெண்டும் காஞ்சு கெடக்குது. நடுவுல மட்டும் நனைஞ்சது எப்படி?”

சாந்தாமணி பெட்டிகளைப் பார்த்தாள். “பனி நடு ஊட்டுக்காரங்களப் பாக்க வந்துட்டுப் போச்சுங்களா?”

“யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. காலைல இவர் உருண்டதுக்கு அப்பறம், மத்தியானம் அமுக்கிப் பாக்கறதுக்கு முன்னால. சாப்பாட்டு நேரத்துல. அமுக்கிப் பாக்கறது மேல்வரிசையை மட்டும்னு தெரிஞ்ச ஆளு.”

“பணிய வரிசைய ஏன் விட்டாங்க?” என்றார் சுரேந்திரன். கீழ்வரிசையைக் காட்டித்தான் கேட்டார்.

“அதான் விஷயம். கொல்ல நினைச்சவன் அதையும் நனைச்சிருப்பான். காஞ்ச வரிசை ஒண்ணை மிச்சம் வெச்சிருக்கான். அடிபடோணும், சாகக் கூடாது.”

“எதிரிக்கு இத்தன பாசமுங்களா?” என்றாள் சாந்தாமணி.

அடுத்த கேள்வி, எப்படி என்பது. தார்ப்பாயை அவிழ்க்கவில்லை. மேலே மெத்தை. மிச்சமிருந்தது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு.

“உள்ள போய்ப் பாரு,” என்றார் மாரப்பன்.

“நான் நொழைஞ்சா செவுரு அக்கட்டால போயிருமுங்க.”

ஆனாலும் நுழைந்தாள். ஒரு கை போனது, தோள் போனது, அதற்குமேல் எதுவும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. மாரப்பனும் சுரேந்திரனும் சேர்ந்து இழுத்தார்கள். ஸ்வெட்டர் பொத்தான் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

“கை போன எடத்துல பெட்டி ஈரமுங்க,” என்றாள் மூச்சு வாங்கியபடி. “பெட்டியப் புடிக்கறதுக்கு ஓட்டை போட்ருப்பாங்கல்ல, அது வழியா ஊத்தியிருக்கோணும். ஆனா நல்ல ஒல்லி ஆளு. இல்லீன்னா பாம்பு.”

வெளியே பூட்டுத் திறந்தது. தினகரன் வந்தார். கையில் வாக்கிடாக்கி, கழுத்தில் மப்ளர். “இன்னா சார், முடிஞ்சிச்சா? செயலாளர் கோத்தகிரி தாண்டிட்டாராம்.”

மாரப்பன் தன் கண்டுபிடிப்பை அவரிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வரிசை, நடுவில் ஈரம், பனி காரணமே இல்லை என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். தினகரன் தலையாட்டிக் கேட்டார்.

“சூப்பர் சார். நானும் இத்தான் சொல்றேன். ஈரப் பெட்டி கொஞ்சம் மிச்சம் இருந்திச்சி. கண்ணுல படாத எடத்துல சொருகிட்டான்.”

“அப்படி இல்லீங்க...”

“வேணும்னு பண்ணான்னு நான் சொல்லல. சோம்பேறித்தனம். பனின்னா யார் மேலயும் கேஸ் இல்ல. பனி இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப பெட்டிக்காரன்தானே? செயலாளர் வந்ததும் இதையே சொல்லிடுங்க.”

அவர் போய்விட்டார். பூட்டு விழுந்தது.

சுரேந்திரன் குழியருகே குனிந்தார். ஈர அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். “ஈரப் பெட்டிய நான் அடுப்புக்குக்கூடக் குடுக்க மாட்டேங்கய்யா,” என்றார் பிறகு, மெதுவாக.

தான் காப்பாற்ற வந்த ஆளின் கழுத்திலேயே கயிற்றை மாட்டிவிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று மாரப்பனுக்குத் தெரிந்தது. ஈரமாக, குளிராக, டீ இல்லாமல் இருந்தது.

பிரியாவைச் சாப்பாட்டுக் கொட்டகையில் பிடித்தார்கள். வியாசர்பாடிப் பெண். இருபது வயது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே தாராளமாகப் போய் வரலாம்.

“உங்களுக்குத்தான் லாபமுங்க,” என்றார் மாரப்பன் நேராக.

“தெரியும் சார். எல்லாரும் அப்டித்தான் பாக்கறாங்க,” என்றாள் அவள். “அக்காதான் என்னைக் கூட்டினு வந்துச்சி. அது சண்டை போடலன்னா எனக்கும் கார்டு இல்ல. அது கால ஒடச்சி நான் பாறையில ஏறணுமா?”

“சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?”

“இங்கதான். மாஸ்டரு, சுரேந்திரண்ணன், நான். ஒண்ணாத்தான் போனோம், ஒண்ணாத்தான் வந்தோம். கோழிக்கொழம்பு. அண்ணன்தான் எனக்கு எலும்பு எல்லாம் எடுத்துப் போட்டாரு.”

“விழுந்ததைப் பாத்தீங்களா?”

“வீடியோவே எடுத்தேன். ஒவ்வொரு தபாவும் எடுப்பேன். அக்கா எப்டி விழுதுன்னு பாத்துக் கத்துக்கறதுக்கு.” கைபேசியில் தேடினாள். “ஆனா மாஸ்டர் அதப் பாத்துக் கத்துக்காதன்னுவாரு. அது அழகா விழும் சார். கால் வெரல் ஊசி மாதிரி நீட்டிக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ்ல வந்த பழக்கம். ஜன்னல்ல இருந்து தள்ளி உட்டவ எவ காலை நீட்டிக்கினு விழுவான்னு கத்துவாரு. பிரம்பால கால்ல ஒண்ணு வெப்பாரு. அப்பவும் போகல. மூணு மாஸ்டருங்க பாத்தாச்சி.”

வீடியோவைப் பார்த்தார்கள். ஜன்னல், ஒரு உடம்பு, மெத்தை, அலறல். சில நொடிகள். மாரப்பனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாந்தாமணியின் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார். சிக்னல் இல்லாததால் அது பக்கத்துக் கைபேசிக்குப் போகவே முக்கி முனகியது.

வேனுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

“மூணு பேரும் ஒண்ணா சோறு தின்னாங்க,” என்றார் மாரப்பன். “தொழிற்சாலை பூட்டிக் கெடந்துது. சாவி ராக்கம்மாகிட்ட. உள்ள யாருமே இல்லைன்னு அவளே காலைல சொன்னா.”

“ராக்கம்மா அந்த இடுக்குல போவோணும்னா நாலா மடிக்கோணும்.”

“அப்ப யாரும் பண்ணல.”

“பனின்னே எழுதியிருக்கலாமுங்க.”

“சும்மா இரு.”

“இருக்கறேனுங்க. கொரங்கு பண்ணுச்சுன்னு எழுதுனா செயலாளர் நம்புவாருங்களா?”

ஜீப் ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து முற்றத்தில் நின்றது. காதை மூடிக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார். தினகரன் ஓடிவந்து கையைப் பிடித்துத் தொழிற்சாலைக்குள் அழைத்துப்போனார். யூனியன் செயலாளர். சுரேந்திரன் கதவோரம் நின்று கும்பிட்டார். அவர் கவனிக்கவில்லை.

வேன் கண்ணாடியைத் தட்டினாள் ராக்கம்மா. கையில் இரண்டு டம்ளர்.

“டீ கேட்டீங்களாமே. பெரியவருக்குப் போட்டதுல மிச்சமிருந்துச்சு.”

மாரப்பன் வாங்கிக்கொண்டார். சர்க்கரை இல்லை. இருந்தாலும் குடித்தார்.

“சக்கரை போட மறந்துட்டனுங்களா?” என்றாள் ராக்கம்மா. “அந்தப் பொண்ணுக்குப் போட்டுப் பழகிருச்சு. கடுங்காப்பி, கடுந்தேத்தண்ணி, எதுக்கும் சக்கரை வேண்டாம்னு போடும். குதிக்கற அன்னிக்கு சோறும் உங்கறதில்ல. வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாமா. எல்லாரும் கொட்டகைக்குப் போவாங்க, அது மட்டும் உள்ள தனியா ஒக்காந்துக்கும்.”

டம்ளர் மாரப்பனின் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“எந்த உள்ள?”

“ஃபேக்டரிக்குள்ளதானுங்க.”

“செவ்வாக்கிழமையுமா?”

“ஆமாங்க. உள்ள உட்டுப் பூட்டிட்டு வந்தேன். கொரங்கு வந்துருமல்லங்க.”

“உள்ள யாருமே இல்லைன்னு காலைல சொன்னீங்க.”

“வேற ஆரும் இல்லீங்களே.” ராக்கம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். “உழுந்து அடிபட்டதே அந்தப் பொண்ணுதான். அதை ஆருங்க கணக்குல சேப்பாங்க?”

அவள் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போனாள். சாந்தாமணி கைபேசியில் காலையில் வாசித்த பட்டியலைத் திறந்தாள்.

“லிஸ்டுல ஒரு பேரு உட்டுப்போச்சுங்க,” என்றாள் சாந்தாமணி. அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

“வீடியோவைப் போடு.”

போட்டாள். ஜன்னல். உடம்பு.

“நிறுத்து. கால்.”

பிரியா சொன்ன ஊசி விரல்கள் அங்கே இல்லை. பாதங்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. முட்டி வளைந்திருந்தது. மூன்று மாஸ்டர்கள் பிரம்பால் அடித்தும் போகாத பழக்கம் அந்த ஒரு குதியில் போயிருந்தது. அது மெத்தையை நம்பி விழுகிறவளின் கால் அல்ல. கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தவளின் கால்.

மாரப்பன் கதவைத் திறந்து இறங்கினார். ஜெயித்த ஆள் மாதிரி இல்லை.

ராஜப்ரியா அதே இடத்தில், அதே முதுகோடு உட்கார்ந்திருந்தாள். சுரேந்திரன் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். பிரியா பக்கத்தில் நின்றாள்.

“அன்னிக்கு மட்டும் நீங்க அழகா உழல,” என்றார் மாரப்பன்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கைபேசியை. அதில் நின்றுபோயிருந்த படத்தில் தன் பாதங்களை நெடுநேரம் பார்த்தாள்.

“மடக்கிட்டேனா,” என்றாள். “எனக்கே தெரியல.”

“எதுல தண்ணி கொண்டு போனீங்க?”

“குடிக்கற கேன்ல. டம்ளர்ல மொண்டு மொண்டு.” பொய் சொல்லிப் பார்க்கக்கூட அவள் முயலவில்லை. “சுளுக்குதான் வரும்னு நெனச்சேன். ஒரு வரிசை போனா சுளுக்கு. கணக்குத் தப்பிருச்சு.”

“ஏன்க்கா?” என்றாள் பிரியா.

“பாறை,” என்றாள் ராஜப்ரியா. “போன வாரம் வயர்ல தொங்கிப் பாத்தமல்ல. நடுவால இடுப்புப் புடிச்சிக்குச்சு. கால் திரும்பல. என்ற காலுன்னே தெரியல. அங்க அப்படி ஆனா முடிஞ்சுது.”

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே,” என்றாள் சாந்தாமணி.

ராஜப்ரியா அவளைக் கோபமாகத் திரும்பிப் பார்த்தாள். “ஆருகிட்டங்க? மாஸ்டர்கிட்டயா? இதுக்குத்தான் விக் வெச்சவனே போதும்னேன்னு சொல்லுவாரு. நாளைக்கே ஒரு ஆம்பளைக்கு விக் வெச்சு ஏத்துவாரு. அப்பறம் எந்தப் பொண்ணு போய்க் கார்டு கேக்கறது?” சற்று நிறுத்தினாள். “நான் ஏழு வயசுல பழக ஆரம்பிச்சேனுங்க. அங்க பயமா இருக்குன்னு ஒருத்தி சொன்னா அடுத்த போட்டிக்கு அவ பேரு இருக்காது. ஆனா அடிபட்டா ஐஸ் பையக் குடுத்து ஒக்கார வெப்பாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச லீவு அது ஒண்ணுதான்.”

“பனி பழிய வாங்கிக்கும்னு நெனச்சீங்க.”

“இந்த ஊர்ல எந்நேரமும் பனி. நனைஞ்சுதுன்னா பனின்னுதான சொல்லுவாங்க. அது மேல இருந்துதான் நனைக்கும்னு யோசிக்கல. எங்கூர்ல ஏதுங்க பனி?” அவள் மாரப்பனைப் பார்த்தாள். “நீங்களும் யோசிக்க மாட்டீங்கன்னுதான் கூப்பிட்டேன். மூட்டைத் திருட்டு பாக்கறவர்னு சொன்னாங்க.”

“காசு கைக்கு வர்றதுக்கு முன்னாலயே இந்த மாதிரிப் பேச்சு வாங்கறது புதுசுங்க,” என்று சாந்தாமணி முணுமுணுத்தாள். யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் சுரேந்திரனைப் பார்த்தார்கள். அவர் வெந்நீர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கண் கலங்குவார் என்று மாரப்பன் எதிர்பார்த்தார். மன்னித்துவிடுவார், அல்லது நானே பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வெறும் எரிச்சல்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாப்பா,” என்றார்.

“அண்ணா...”

“பயமா இருக்கு, காலு சுளுக்கணும்னு சொல்லியிருந்தா நான் ஒரு வரிசை கொறச்சு அடுக்கியிருப்பேன். சுளுக்கோட நின்னிருக்கும். உங்களுக்குப் பெட்டிக் கணக்கு தெரியுமா? அது என் வேலையில்லையா?” சொம்பைத் தரையில் வைத்தார். “நல்ல பெட்டியெல்லாம் நாறடிச்சு, காலையும் ஒடச்சுக்கிட்டு, என் பேரையும் கெடுத்துட்டீங்க. இப்ப நான் சேரம்பாடிக்குப் போயி என்னான்னு சொல்ல? பெட்டி அடுக்கத் தெரியாம வந்துட்டேன்னா?”

அவர் வெளியே போய்விட்டார்.

ராஜப்ரியாவின் முதுகு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தது. மறைக்க ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடந்தாள். முற்றத்துக்கு அப்பால் தினகரனின் குரல் பெரிதாகக் கேட்டது. வரிசை, ஈரம், துப்பறியும் ஆளே சொன்னார் என்ற சொற்கள் பனியில் துண்டு துண்டாக வந்தன.

“நீங்க போய்ச் சொல்லப் போறீங்களா?” என்று மாரப்பனைக் கேட்டாள்.

“நான் உங்ககிட்டதான் கூலிக்கு வந்தவன். நீங்க சொல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஆனா பனின்னு எழுத மாட்டேன். நடுவரிசையை இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அண்ணனோட கார்டு போயிரும்.”

“ஆமா.”

“சொன்னா என்ற கார்டு போயிரும்.”

“ஆமா.”

“வேற வழியே இல்லீங்களா சார்?”

மாரப்பன் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். காலையிலிருந்து எதுவும் கைகூடாத நாளில் இதுவும் கைகூடவில்லை.

“எனக்குத் தோணல,” என்றார்.

அவள் கைநீட்டி ஊன்றுகோல்களை எடுத்தாள். பிரியா பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே எழுந்து, படி இறங்கி, முற்றத்தின் ஈரத்தில் இறங்கினாள். மாவுக்கட்டுக் காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள், அவளுக்குத் தெரியாமலே, ஊசி போல நீண்டிருந்தன.

தொழிற்சாலைக் கதவோரம் சுரேந்திரன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைக் கடந்து வாசலுக்கு வந்தாள். அவர் திரும்பவில்லை. ஆனால் ஊன்றுகோல் வாசல்படியில் தட்டுப்பட்டபோது, பார்க்காமலே கையை நீட்டி அதன் நுனியைப் படிமேல் தூக்கி வைத்தார்.

“பிரியா,” என்றாள் ராஜப்ரியா கதவருகே நின்று.

“சொல்லுக்கா.”

“பாறையில ஏறச் சொல்லிக் கேப்பாங்க. பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லு. நான் சொல்றதுக்கு முன்னாலயே சொல்லு, உள்ள கேக்கற மாதிரி.”

பிரியா மாரப்பனைப் பார்த்தாள், சாந்தாமணியைப் பார்த்தாள், திறந்திருந்த கதவுக்குள் பார்த்தாள். உள்ளே தினகரன் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“பயமாத்தான்க்கா இருக்குது,” என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

ராஜப்ரியா தலையசைத்தாள். முதுகை நிமிர்த்தினாள். உள்ளே போனாள்.

ராக்கம்மா கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். தகரத்தின் விளிம்பில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. செயலாளருக்கு வாங்கி வைத்த வாழைப்பழம் உள்ளே இருந்தது. அவள் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தாள். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.